லாரி ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி

புத்தாக்கப் பயிற்சி என்பது, கனரக வாகன உரிமம் பெற்றுத் தொழில் செய்துவரும் ஓட்டுநர் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்து பெறும் பயிற்சி. ஐரோப்பிய நாடுகளில் எல்லா லாரி ஓட்டுநருக்கும் இது கட்டாயம். இந்தியாவில் சமையல் எரிவாயு, பெட்ரோல், அமிலம், குளோரின் போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்வோருக்கு மட்டுமே சட்டம் இதை வகுத்தது. தென்னிந்திய எரிவாயு டேங்கர் தொழிலுக்கு நாமக்கல்தான் தாய்வீடு. திருப்பூரின் சாயப் பட்டறைகளுக்கும் சலவைப் பட்டறைகளுக்கும் அமிலமும் பெராக்சைடும் லாரியில்தான் வருகின்றன. ஆகவே இந்தச் சிறிய சட்டப்பிரிவின் விளைவை நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடக் கொங்கு நாடு நெருக்கமாக உணர்கிறது.

சட்டத்தில் இதன் இடம்

1984இல் நடந்த போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பிறகு ஆபத்தான வேதிப்பொருள்களைச் செய்வது, சேமிப்பது, கொண்டுசெல்வது பற்றிய விதிகள் அடுத்தடுத்து வந்தன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி 1989இல் இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஆபத்தான சரக்குக்கென்றே 129 முதல் 137 வரை தனி விதிகள் உள்ளன. 1993இல் திருத்தப்பட்ட 9ஆம் விதி, இத்தகைய லாரியை ஓட்டுபவர் மாநில அரசு ஏற்ற ஒரு நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.

காலமுறைக் கட்டாயம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதன்படி ஆபத்தான சரக்குக்கான உரிமம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி பெற்றால்தான் புதுப்பிக்க முடியும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த ஓராண்டை மூன்றாண்டாக்கி, புதுப்பிப்பதற்கான நிபந்தனைகளை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசின் விதிகளிடம் விட்டது. ஆண்டுதோறும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்த ஓட்டுநருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அலைச்சலோடு சேர்த்து ஆண்டுக்கொரு நாள் வகுப்பையும் சுமையென்று எண்ணிவிடக் கூடாது. அலைச்சலைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. வகுப்பில் கற்பதற்கு மாற்று கிடையாது.

அதே 2019 திருத்தம் வேறோர் இடத்தில் புத்தாக்கப் பயிற்சியைக் கொண்டுவந்தது. விதிமீறலுக்காக உரிமம் முடக்கப்பட்டவர், பயிற்சி முடித்த பிறகே அதைத் திரும்பப் பெற முடியும். தண்டனையாக வரும் வகுப்பில் உட்காருபவர் எவ்வளவு மனம் ஒன்றிக் கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தப்பு செய்தவர் மட்டுமே போகும் இடம் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், நல்ல ஓட்டுநர் அங்கே காலடி வைக்கத் தயங்குவார்.

மூன்று நாள் பாடம்

9ஆம் விதியின் பாடத்திட்டம் வறண்ட பட்டியலாகத்தான் அச்சில் இருக்கிறது; ஆனால் சாலை தெரிந்தவர் படித்தால் ஒவ்வொரு வரியும் ஒரு விபத்தை நினைவூட்டும். முதலிரண்டு நாள்கள் தற்காப்பு ஓட்டமும் மேம்பட்ட ஓட்டுதிறனும். விபத்துக்கான காரணங்கள், ஓட்டுநரின் உடல்நிலை, வண்டி நிற்க எடுக்கும் தூரம், ரயில்வே கேட், மழையும் பனியும், இரவு ஓட்டம், நேருக்கு நேர் மோதல், பின்னால் மோதல், சரிவில் இறங்குவது, கிளம்புமுன் வண்டியைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியவை என்று அது நீளும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. எதிரே ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். நிற்பதற்கான தூரம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

டேங்கரில் இன்னொரு கணக்கும் உண்டு. வெயிலில் திரவம் விரியும் என்பதால் எரிவாயுத் தொட்டியை விளிம்புவரை நிரப்புவதில்லை. மேலே இடம் விட்டே ஏற்றுவார்கள். அந்த இடைவெளியால் உள்ளே திரவம் அலைகிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் திரவம் வெளிப்பக்கம் பாய்ந்து வண்டியைத் தள்ளும். பிரேக் போட்டதும் முன்னால் பாயும். சிமென்ட் மூட்டையும் நூல் பேலும் ஏற்றிப் பழகியவருக்கு இந்த அசைவு புதிது. டேங்கருக்கு மாறுபவர் முதலில் மறக்க வேண்டியது, பழைய லோடு கொடுத்த தைரியத்தை.

மூன்றாம் நாள் சரக்கைப் பற்றியது. தொட்டியின் பின்னாலும் பக்கங்களிலும் இருக்கும் அவசரத் தகவல் பலகையை வாசிப்பது, அதிலுள்ள ஐ.நா. எண்களை அறிவது (சமையல் எரிவாயுவுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203), கசிவைக் கையாள்வது, தீயணைப்பு, முதலுதவி, கிணறும் ஆறும் ஏரியும் கெடாமல் காப்பது, வால்வுகளின் வேலை ஆகியவை அன்றைய பாடம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து சாக்கடைக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தங்கும். தூரத்தில் எரியும் ஓர் அடுப்பு போதும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, ஆட்களை எதிர்ப்பக்கம் நகர்த்தச் சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் படித்தால் போதாது. உடம்பு அதைப் பழகியிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் கிடக்கும் பழக்கம் மங்கிப்போகும். திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

கொங்கு நாட்டு லாரித் தொழில்

மழை குறைந்த மேட்டுநிலம், வட்டிக்கும் சிட்டுக்கும் பணம் புரட்டத் தெரிந்த கிராமங்கள், பட்டறை வேலையில் தேர்ந்த கைகள் என்ற மூன்றும் சேர்ந்து இங்கே லாரித் தொழிலை வளர்த்தன. நாமக்கல்லில் டேங்கரும் டிரெய்லரும் பாடி கட்டும் பட்டறைகளும், சங்ககிரியில் லாரி உரிமையாளர்களும், திருச்செங்கோட்டில் இந்தியா முழுதும் ஓடும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளும், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளும் பெயர் பெற்றன. ஒரு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரே அதை ஓட்டுபவராகவும் இருந்த குடும்பங்கள் ஏராளம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்கெனவே இருந்தது: கிளீனர் இருக்கை. பதினாறு பதினேழு வயதில் வண்டியேறும் பையன், தார்ப்பாய் கட்டவும் ஜாக்கி போடவும் ஸ்டெப்னி மாற்றவும் கற்று, இரவெல்லாம் டிரைவர் அண்ணன் தூங்கிவிடாமல் பேச்சுக்கொடுத்து, ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம் ஸ்டியரிங் பிடித்து, சில ஆண்டுகளில் ஓட்டுநரானான். “எந்த கியர்ல ஏறுறமோ அதே கியர்ல எறங்கோணும்” என்ற பாடம் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. சேலம்–தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாயிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் அந்த ஒரு வாக்கியம் காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ.

அதே இருக்கையில் கெட்ட பழக்கங்களும் கைமாறின. டீசல் மிச்சம் பிடிக்கச் சரிவில் நியூட்ரலில் விடுவது அவற்றில் ஒன்று. என்ஜினின் பிடி இல்லாமல் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்கும்போது, டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடி தளரும். தொப்பூரில் பிரேக் பிடிக்கவில்லை என்று செய்திகளில் வருவதன் பின்னால் பெரும்பாலும் இந்தச் சூடு இருக்கிறது. பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது இன்னொன்று. ஏர் பிரேக்கில் அப்படிச் செய்தால் காற்று வீணாகும்; ஏ.பி.எஸ். உள்ள வண்டியிலோ அழுத்தியே வைத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் என்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இவை புதியவை. அனுபவசாலிக்கு எதற்கு வகுப்பு என்று கேட்பவர்கள், அந்த அனுபவம் எந்த வண்டியில் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வருமானம் போதாமல் கிளீனர் இல்லாமலேயே ஓடும் லாரிகள் பெருகிவிட்ட இந்நாளில், அந்தப் பழைய பள்ளிக்கூடமும் மூடிக்கொண்டு வருகிறது.

பயிற்சி இடங்கள்

மாநில அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சிக் களத்தை நடத்துகிறது. நாமக்கல்லிலிருந்து அது சுமார் 400 கி.மீ. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருப்பது கொங்குப் பகுதிக்குப் பெரும் வசதி. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், சிமுலேட்டரும் தனி ஓடுதளமும் கொண்ட அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு வழி செய்தன. அவற்றில் கனரகப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். புத்தாக்க வகுப்புகளையும் அவை நடத்தலாம்.

உப்பிலிபாளையம், 2025 ஜனவரி 3

கொச்சியிலிருந்து கோவைக்கு 18 டன் எரிவாயுவுடன் வந்த டேங்கர், அன்று அதிகாலை 3 மணியளவில் உப்பிலிபாளையத்தில் அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, இழுக்கும் வண்டியிலிருந்து தொட்டி கழன்று கவிழ்ந்தது. எரிவாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சினர், போக்குவரத்து திருப்பிவிடப்பட்டது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. கசிவு அடைக்கப்பட்டு, தொட்டி கிரேன்களால் தூக்கி நிறுத்தப்பட்டது. தீப்பிடிக்கவில்லை.

தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அண்டை மாநிலமான கேரளம் அறியும். 2009 டிசம்பர் 31 அன்று கருநாகப்பள்ளி அருகிலும், 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூருக்கு அருகே சாலா என்ற ஊரிலும் எரிவாயு டேங்கர்கள் விபத்துக்குள்ளாகி எரிந்ததில் உயிர்கள் பல போயின. சாலாவில் மட்டும் 20 பேர். இறந்தவர்களில் சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட விபத்தில் தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை, அங்கே நிற்பவர்களில் சரக்கைப் பற்றி அறிந்தவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவசரத் தகவல் தாளை அவர் கேபினிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தானால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிகள் சொல்வது இதனால்தான். அந்தத் தாள் அவர் தாய்மொழியில் இருப்பது நலம் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

வகுப்பு நாளின் கூலி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணை, சரக்கு எதுவானாலும் ஒவ்வொரு லாரி ஓட்டுநரும் ஐந்தாண்டுக்கு 35 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்றது. அங்கேயும் செலவை யார் ஏற்பது என்ற சச்சரவு ஓயவில்லை. இங்கே அது இன்னும் கூர்மையானது. 2025 வரை நடைமுறையிலிருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியிருந்தாலும், நெடுந்தூர லாரி ஓட்டுநரின் வருமானம் டிரிப்பையும் படியையும் ஒட்டியது. வகுப்பில் உட்காரும் நாள் சம்பளமில்லாத நாள். சரக்கை அனுப்பும் நிறுவனம் மனநிறைவடையும் வகையில் ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி தந்திருப்பதை உரிமையாளர் உறுதிசெய்ய வேண்டும் என்று 135ஆம் விதி சொல்கிறது. பயிற்சி நாளின் படியையும் அந்தக் கடமையின் பகுதியாகக் கொள்வதே நியாயம்.

முட்டை, நூல், சிமென்ட், மஞ்சள், கோழித்தீவனம் ஏற்றும் ஓட்டுநர்களுக்கு இந்த வகுப்பு எதுவும் இல்லை. அவர்களும் அதே தொப்பூரில் இறங்கி, அதே அவிநாசி சாலையில் நள்ளிரவில் வருகிறார்கள். உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முடியும்போது, மருத்துவரிடம் 1ஏ படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்கிறார்கள்.