ஒரே ஊர், 3 வாக்காளர் பட்டியல்: பிரெஞ்சு புதுச்சேரியில் இனம் பார்த்து ஓட்டு நடந்தது எப்படி?

1880-ல் உழவர்கரை தனி கம்யூன் ஆனது. ஆண்களுக்கு ஓட்டும் இருந்தது. ஆனா எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை.

1884-ல் வாக்காளர்கள் 3 பட்டியலாகப் பிரிக்கப்பட்டனர்:

1. ஐரோப்பியர்
2. ரெனோன்சான்கள்: 1881 ஆணைப்படி தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற இந்தியர்கள்
3. அப்படித் துறக்காத மற்ற இந்தியர்கள்

இதில் என்ன சிக்கல்? தலை எண்ணிக்கையில் 3-வது பட்டியல்தான் மிகப் பெரிது. ஐரோப்பியர்களோ கொஞ்சம் பேர். ஆனாலும் இடங்கள் பட்டியல்வாரியாகவே கிடைத்தன. அதனால ஓட்டு எண்ணிக்கையைவிட, எந்தப் பட்டியல் எதோடு கைகோர்க்கிறது என்பதே முக்கியமானது.

ரெனோன்சான்களின் தலைவர் பொன்னுத்தம்பி பிள்ளை. எதிர்முகாமில் சண்முக வேலாயுத முதலியார். ஐரோப்பியரில் ஒரு பிரிவோடு கூட்டு வைத்த முதலியாரே பல ஆண்டுகள் புதுச்சேரி அரசியலை ஆட்டிப்படைத்தார்.

இன்று உழவர்கரையில் எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஆளுக்கு ஒரே ஓட்டு.