ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு கல்யாணம்

நாகர்கோவில் கல்யாணத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள், பந்தி முடிந்ததும் வேனைக் கன்னியாகுமரிக்குத் திருப்புகிறார்கள். வழியில் இருப்பதால் சுசீந்திரம் தாணுமாலயனையும் கும்பிட்டுவிடுகிறார்கள். தக்கலைக்கு அருகே, மேற்கில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இது தற்செயல் அல்ல, எல்லை மாறியதன் விளைவு என்பதே என் கருத்து. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு மலையாள ஆட்சியின் பக்கம் இருந்தது. நெல்லையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்த சம்பந்தி வீட்டார் அயல் சமஸ்தானத்துக்குள் நுழைந்தார்கள். அந்தச் சமஸ்தானத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தலைநகராக இருந்தது பத்மநாபபுரம். தமிழகத்துடனான இணைப்பை ஒட்டியும் அதற்குப் பின்னும் புதிய அடையாளங்கள் கன்னியாகுமரி முனையிலேயே எழுந்தன: 1956இல் காந்தி மண்டபம், 1970இல் விவேகானந்தர் பாறை நினைவகம், 2000இல் வள்ளுவர் சிலை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனையோ இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது.

கடலும் பகவதியும் என்றுமே ஆட்களை ஈர்த்தவை அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், இங்கே நீராட வந்தவர்களைக் குறிப்பிடுகிறது. ஆனால் அவர்கள் வந்தது நோன்புக்கு. படகேறிப் பாறையைப் பார்த்துவரும் இன்றைய அரைநாள் உலா 1970க்குப் பிந்தையது. நேரம் போதாது என்பதும் சரியான காரணமல்ல. நாகர்கோவிலிலிருந்து இரண்டு திசையிலும் தொலைவு ஏறத்தாழ ஒன்றுதான். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று முகூர்த்தமென்றால் முந்தைய நாளே மரவேலை மிளிரும் அந்தக் கூடங்களைப் பார்த்துவிட வேண்டும்.