சித்திரை வெயிலில் வீட்டு நாய்: நிழல், தண்ணீர், முதலுதவி

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. தெற்கில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கு நோக்கி நகர்ந்து, புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேல் நிற்கிறது. அதன் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தாலும், அதன் மழையில் பெரும்பகுதி மலைநாட்டின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வன்னிக்கும் குடாநாட்டுக்கும் வந்து சேர்வது காய்ந்த சோளகக் காற்றுத்தான். ஒக்டோபர் மழை வரும்வரை இதே நிலைதான்.

வெப்பம் அதிகரிக்கும் நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல் விடுக்கிறது. நிழலில் இருங்கள், தண்ணீர் அருந்துங்கள், கடும் வேலையைத் தவிருங்கள் என்கிறது. அதே வளவில் சங்கிலியில் நிற்கும் நாய்க்கும் இந்த மூன்றும் தேவை. ஆனால் அவற்றைத் தானாகத் தேடிக்கொள்ள அதனால் முடியாது.

வடக்கில் நாய் வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. மீள்குடியேறிய கிராமங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பற்றைக்காடு கிடக்கிறது. கணவரை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் பிள்ளைகளுடன் தனித்து வாழும் வீடுகளில், இரவில் வேலியடியில் ஏதாவது அசைந்தால் முதலில் குரல் கொடுப்பது நாய்தான். இடம்பெயர்வின்போது கட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்த நாயைப் பற்றி இன்றும் கதைக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு இப்போதுள்ள நாயை வெயிலுக்குப் பறிகொடுப்பது சின்ன விடயம் அல்ல.

நாயின் உடல் வெயிலை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டுமே வியர்க்கும், அதனால் பெரிய பலன் இல்லை. அது நாக்கை வெளியே தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கி, வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் அதிகமாக இருந்தால் இந்த ஆவியாதல் குறைந்துவிடும். ஆகவே காற்று அசையாத, புழுக்கமான நாள்தான் நாய்க்கு மிகவும் ஆபத்தானது. வெயில் மந்தமாக இருக்கிறது என்று அன்றைக்கு ஏமாந்துவிடக்கூடாது.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. தொட்டுப் பார்த்து நமக்குச் சூடாகத் தெரிவதால் மட்டும் அதற்குக் காய்ச்சல் என்று எண்ண வேண்டாம். 41 பாகையைத் தாண்டினால்தான் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பாதிக்கப்படத் தொடங்கும்.

எல்லா நாய்களும் ஒரே அளவுக்குத் தாங்குவதில்லை. நம்முடைய ஊர் நாய்கள் மெலிந்த உடலும் குட்டை முடியும் நீண்ட மூக்கும் கொண்டவை, ஓரளவு தாக்குப்பிடிக்கும். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு வாங்குவதே சிரமம். அவற்றுக்கு இந்த வெயில் உயிராபத்து. வெளிநாட்டிலிருந்து வரும் காசில் இந்த இனங்களை வாங்கித் தகரக் கூட்டில் அடைத்து வைக்கும் புதிய பழக்கம் சில இடங்களில் தென்படுகிறது. குளிர்ச்சியான அறை இல்லாத வீட்டுக்கு இந்த நாய் ஏற்றதல்ல. வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விடயம் இது. கொழுத்த நாய், கிழட்டு நாய், சிறு குட்டி, இருதய நோயுள்ள நாய் ஆகியவற்றுக்கும் கூடுதல் கவனம் தேவை. பொமரேனியன், அல்சேசன் போன்றவற்றின் முடியை ஒட்ட வழித்துவிடுவது நல்லதல்ல. அந்த முடி வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்தால் போதும்.

உண்மையான சிக்கல் நிழலில்தான் இருக்கிறது. போர் பல ஊர்களில் வேம்பையும் பூவரசையும் மாவையும் சேர்த்தே அழித்தது. காணிக்குத் திரும்பியவர்கள் வீட்டைக் கட்டினார்கள். மரம் கட்டி முடிக்கும் பொருள் அல்ல, அது வளர ஆண்டுகள் ஆகும். நிழலில்லாத வளவில் நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய தகரம் போட்ட கூடு. மத்தியானத்தில் அந்தத் தகரத்தின் கீழ் கையை வைத்துப் பாருங்கள். வெளியே நிற்பதே மேல் என்று தோன்றும்.

இதற்குச் செலவில்லாத வழி நம்மிடமே இருக்கிறது. தகரத்துக்கு மேல் கிடுகோ பனையோலையோ தடிப்பாகப் போட்டு, இரண்டுக்கும் இடையில் காற்றுப் போகத் தடிகளை வைத்தால் வெக்கை வெகுவாகக் குறையும். கூட்டின் நான்கு பக்கத்தையும் அடைக்காமல் இரண்டு பக்கமாவது திறந்து விட வேண்டும். அதைவிட நல்லது, பகலில் கூட்டையே மறந்துவிட்டு நாயைக் கிணற்றடி வாழைக்குக் கீழே விடுவது. அங்கே அது ஈர மண்ணைத் தோண்டிப் பள்ளம் பறித்து வயிற்றை அமத்திப் படுக்கும். அது பூமரத்தைக் கிண்டிவிட்டது என்று அடிக்காதீர்கள், தன்னைக் குளிர்விக்க அது அறிந்த வழி அது. சீமெந்துத் தரையுள்ள விறாந்தையில் மத்தியானம் மட்டும் இடம் கொடுத்தாலும் போதும்.

கட்டி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை 9 மணிக்கு நிழலாக இருந்த இடம் 2 மணிக்கு வெயிலாகிவிடும். குட்டைச் சங்கிலியில் உள்ள நாயால் நிழலோடு நகர முடியாது. இரண்டு கட்டைகளுக்கு இடையில் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கொழுவினால் நாய் தானே இடம் மாறிக்கொள்ளும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் தேவை. 15 கிலோ நாய்க்கு இது கிட்டத்தட்ட ஒரு லீற்றர். வெயிலில் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். அலுமினியச் சட்டியில் வைத்த தண்ணீர் விரைவில் சூடாகிவிடும், மண்சட்டி மேல். நாய் தட்டிக் கவிழ்த்துவிடும் என்பதால் இரண்டு இடத்தில் வையுங்கள். தினமும் ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவதற்கு நாய்ச்சட்டித் தண்ணீரும் போதுமானது. சாப்பாட்டை விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் வைக்கலாம். புளித்த சோறும் உப்புக் கருவாடும் வேண்டாம்.

மூடிய வாகனத்துக்குள் நாயை விட்டுச் செல்லக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் 10 நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 பாகை கூடிவிடும். ஆனால் பிரித்தானியாவில் றோயல் கால்நடை மருத்துவக் கல்லூரி செய்த ஆய்வுகளில், நாய்களின் வெப்பத்தாக்கத்துக்கு வாகனத்தை விட ஓட்டமும் விளையாட்டுமே கூடுதலான காரணம் என்று தெரியவந்தது. நமது வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் எசமானைத் தொடர்ந்து ஓடிவரும் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கச் சொன்னாலும் நிற்காது. கூட்டிப் போவதென்றால் காலை 8 மணிக்கு முன்னர், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. காப்பெற் வீதியில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அங்கே வேகும். கண்ணிவெடி தேடும் பயிற்சி பெற்ற நாய்களைக்கூட வெயில் ஏறுமுன் வேலைக்கு விட்டு, ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் அத்துறையின் வழமை.

வெப்பத்தாக்கம் தொடங்கும்போது மூச்சிரைப்பு நிழலுக்கு வந்த பிறகும் அடங்காது. எச்சில் தடித்து நூலாக வடியும். முரசு கடும் சிவப்பாகும், பிறகு வெளிறும். தள்ளாடும், வாந்தி எடுக்கும், சில வேளை இரத்தத்தோடு வயிற்றோட்டம் போகும். கடைசியில் விழுந்து வலிப்பு வரும்.

இந்த நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். நிழலுக்கு எடுத்து, கிணற்றுத் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், தொடர்ந்து ஊற்றுங்கள். மூக்கிலும் வாயிலும் போகவிடாதீர்கள். ஒருவர் ஊற்ற இன்னொருவர் விசிற வேண்டும், காற்று மிக முக்கியம். குழாயில் முதலில் வரும் கொதிநீரைப் போகவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஈரச் சாக்கால் மூடி வைப்பது தவறு. சற்று நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவிடும். தெளிவாக இருந்தால் தானாகக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், மயக்கத்தில் இருந்தால் வாயில் ஊற்றாதீர்கள். பனடோல் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, அந்த மருந்து இந்தச் சூட்டைக் குறைக்காது, நாயின் ஈரலுக்குத்தான் கேடு. மூச்சு சீராகி நாய் நிதானத்துக்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம்.

இங்கே ஒரு பயம் குறுக்கே வருகிறது. எச்சில் வடிய, தள்ளாடி வரும் நாயைக் கண்டதும் "விசர் நாய்" என்று தடி எடுப்பது ஊர் வழக்கம். விசர் நோய் நாட்கணக்கில் வளரும். குணம் மாறும், குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாது போகும். வெப்பத்தாக்கம் வெயிலில் நின்ற அல்லது ஓடிய சில மணி நேரத்துக்குள், சில வேளை நிமிடங்களுக்குள்ளேயே வரும். தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் தேறத் தொடங்கும். ஆனாலும் தடுப்பூசி போடாத நாய், அல்லது யாருடையது என்று தெரியாத நாய் என்றால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அதன் வாயைத் தொடாமல் தூரத்தில் நின்று வாளியால் ஊற்றலாம். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். ஆண்டுதோறும் நாய்க்குப் போடும் விசர்நோய்த் தடுப்பூசியின் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால், இப்படியான வேளையில் அயலவரின் தடியிலிருந்தும் நாயைக் காக்கலாம்.

தேறி எழுந்த நாயையும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறையாமையும் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படலாம். உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இப்போதே குறித்து வையுங்கள். வார இறுதியிலும் மாலையிலும் யாரை அழைப்பது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டு போகும்போது நாயை ஈரமாகவே ஏற்றுங்கள். ஓட்டோவின் பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டால் வழியில் அடிக்கும் காற்றும் குளிர்விக்கும்.