வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிளுக்கு எந்த ரயர்?

ஓடாத சைக்கிளை மிதிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய விடயம் அல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வீடே கூடியிருந்து வானொலிச் செய்தி கேட்டது. அந்தச் சிறிய டைனமோவின் தலை ரயரின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

இன்று கண்டியில் வேறு காரணங்களுக்காகச் சிலர் வீட்டுக்குள் மிதிக்கிறார்கள். மழை, ஏற்ற இறக்கம், பேராதனை வீதியின் நெரிசல் ஆகியவை வெளியில் ஓடுவதைக் கடினமாக்குகின்றன. நீரிழிவு, முழங்கால் வலி, பொய்க்காலுடன் மீண்டும் மிதித்துப் பழகுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. காயமோ பொய்க்காலோ உள்ளவர்கள் தொடங்கும் முன் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் திகனையில் அரச புனர்வாழ்வு வைத்தியசாலை உள்ளது.

ரயர் ஏன் முக்கியம்?

ட்ரெயினர் எனப்படும் தாங்கிகளில் விலை குறைந்த வகை, பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, ஓர் உலோக உருளையை ரயரில் அழுத்துகிறது. வீதி தட்டையானது, உருளையோ சிறியது. அது ரயருக்குள் ஆழமாக அழுந்துகிறது. வீட்டுக்குள் காற்றோட்டமும் இல்லாததால் இறப்பர் சூடேறித் தேய்கிறது. நிலத்தில் படியும் கறுப்புத் தூள் அதன் அடையாளம்.

பின்சில்லைக் கழற்றிவிட்டுச் செயினை நேரடியாக மாட்டும் ட்ரெயினரில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது விலை கூடியது. பெரும்பாலும் கியர் உள்ள சைக்கிளுக்கே பொருந்தும்.

அளவு

ரயரின் பக்கத்தில் 37-622 போன்ற இலக்கம் இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது ரயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில் உள்ளவை. கடையில் '28' என்று மட்டும் கேட்டால் ஏமாறலாம். எங்கள் பழைய பெரிய சைக்கிள்களின் 28 × 1½ ரயர் 635. பந்தயச் சைக்கிளின் 700 சி ரயர் 622. இரண்டையும் 28 என்றே சொல்வார்கள். 26 அங்குலத்திலும் அப்படித்தான்: 26 × 1⅜ ரயர் 590, மலைச் சைக்கிள் ரயர் 559. இரண்டாவது எண் ஒத்துப்போகாத ரயர் பொருந்தாது.

எல்லா ட்ரெயினரும் 635 சில்லையோ நட்டுப் போட்ட அச்சையோ ஏற்காது. வாங்கும் முன் சைக்கிளைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

எதைத் தெரிவது?

வழுவழுப்பான ரயரே நல்லது. மேடு பள்ளமான மலைச் சைக்கிள் ரயர் அதிரும், சத்தம் போடும், விரைவில் தேயும்.

செலவைக் குறைக்க, வீதியில் ஓடி நடுப்பகுதி தட்டையான பழைய ரயரைப் போடலாம். பக்கத்தில் வெடிப்பு, புடைப்பு, வெளித்தெரியும் நூல் இருந்தால் வேண்டாம்.

அடிக்கடி மிதிப்பவர்களுக்கு கொன்டினென்டல், விட்டோரியா போன்ற நிறுவனங்கள் ட்ரெயினருக்கென்றே ரயர் செய்கின்றன. இதன் இறப்பர் கடினமானது, சூட்டைத் தாங்கும். இதை ஒருபோதும் வீதியில் ஓட்டக்கூடாது. ஈர வீதியில் பிடிப்பு இருக்காது. கடுகண்ணாவ இறக்கத்தில் மழைநாளில் இந்த ரயருடன் இறங்குவது உயிரோடு விளையாடுவது. வேலைக்கும் அதே சைக்கிளில் போகிறவர்கள், முடிந்தால் இந்த ரயரை மாட்டிய இன்னொரு பின்சில்லை வைத்திருங்கள். மறந்துபோய் அதே ரயருடன் வெளியே போகும் ஆபத்துக் குறையும்.

பொருத்தும் முறை

ஒவ்வொரு முறையும் மிதிக்கும் முன் காற்றைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள அளவைத் தாண்ட வேண்டாம். உருளை ரயரைத் தொட்ட பின் திருகை இரண்டு, மூன்று சுற்று இறுக்குங்கள். உருளையைக் கையால் பிடித்துக்கொண்டு சில்லைத் தள்ளிப் பாருங்கள். ரயர் வழுக்கினால் இன்னும் அரைச் சுற்று இறுக்குங்கள். தளர்வாக விட்டால் ரயர் வழுக்கித் தேயும். அளவுக்கு மீறி இறுக்கினால் சூடேறும். மண், எண்ணெய் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். மிதித்து முடிந்ததும் உருளையைத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் ரயரில் ஒரே இடம் அழுந்திப் பள்ளமாகும்.

சத்தம்

கண்டியில் பலர் மாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். தடித்த இறப்பர் விரிப்பொன்றைக் கீழே போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வன்னியில் வேவு விமானத்தை எங்கள் சனம் 'வண்டு' என்று சொன்னது. மேடு பள்ளமான ரயர் உருளையில் வேகமாகச் சுற்றும்போது வரும் இரைச்சலும் அதுபோன்ற ஒரே சீரான ரீங்காரம்தான். அங்கிருந்து வந்த அம்மாவோ அப்பாவோ பக்கத்து அறையில் படுத்திருந்தால், அந்தச் சத்தம் அவர்களை எங்கே கொண்டுபோகும் என்று சொல்லத் தேவையில்லை. வழுவழுப்பான ரயரைப் போடுங்கள். முதல்நாள் அவர்களிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, மெதுவாக மிதித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு ஒத்துவராவிட்டால் நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள்.