விக்டோரின் மெரான்: ஓவியப் பாவையும் ஓவியரும்

ஓவிய வரலாறு எழுதுவோர் தீட்டியவர் பெயரைப் போற்றுவர்; அவர்முன் உருக்காட்டி நின்றவர் பெயரை மறப்பர். அங்ஙனம் நெடும்பொழுது அசையாது நிற்றலும் உழைப்பே. கூலி பெறும் தொழிலே. அத்தொழில் புரிந்த ஒருவரின் வரலாறு எவ்வாறு திரிபுற்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விக்டோரின் மெரான் 1844-ஆம் ஆண்டு பாரிசு நகரிற் பிறந்தவர். 1862-ஆம் ஆண்டளவில் தொடங்கி, எதுவார் மனே என்னும் ஓவியர்க்குப் பலமுறை உருக்காட்டி நின்றார். 1863-இல் விலக்கப்பட்டோர் கண்காட்சியில் வைக்கப்பெற்ற 'புல்வெளி விருந்து', 1865-இல் சலோன் என்னும் அரசுக் கண்காட்சியில் இடம்பெற்ற 'ஒலிம்பியா' ஆகிய இரண்டிலும் காணப்படுபவர் இவரே. ஒலிம்பியாவில் ஆடையின்றிச் சாய்ந்திருப்பவள் பொதுமகள் என்பதைக் கண்டோர் உணர்ந்தனர், இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி ஓவியத்தளவில் நில்லாது, உருக்காட்டியவர் மேலும் படிந்தது. மெரான் குடியாற் கெட்டு இளமையிலேயே மாண்டார் என்னும் செய்தி பரவி நிலைபெற்றது.

இக்கூற்றுப் பொருந்துமா? சான்றுகள் மறுக்கின்றன. 1876-ஆம் ஆண்டுச் சலோனில் மெரான் ஓவியராகவே இடம்பெற்றார். அவர் தம்மைத் தாமே தீட்டிய ஓவியம் அவ்வாண்டு ஏற்கப்பட்டது. மனேயின் ஓவியங்களோ விலக்கப்பட்டன. 1879, 1885, 1904 ஆகிய ஆண்டுகளிலும் மெரானின் ஓவியங்கள் ஆங்கு வைக்கப்பெற்றன. 1903-இல் பிரெஞ்சுக் கலைஞர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. பாரிசை அடுத்த கொலோம்பு என்னும் ஊரில் 1927-ஆம் ஆண்டு அவர் இறந்தபோது அகவை 83.

வறுமை அவரை வருத்தியது உண்மையே. மனே மறைந்த 1883-ஆம் ஆண்டு, அவர் மனைவியார்க்கு மெரான் ஒரு கடிதம் விடுத்தார். ஓவியங்கள் விலைபோனால் தமக்கும் ஒரு பரிசில் தருவதாக மனே உரைத்ததையும், தாம் அன்று அதனை ஏலாது, உருக்காட்டி நிற்க இயலாத காலத்து நினைவூட்டுவதாகக் கூறியதையும், அக்காலம் வந்துற்றதையும் அதிற் குறித்தார். இது கெட்டழிந்தார் ஒருவரின் இரப்புரை அன்று. தம் உழைப்பின் மதிப்பை உணர்ந்தார் ஒருவரின் உரிமைக் குரல் என்க.

மெரான் தீட்டியவற்றுள் இன்று கிடைப்பன மிகச் சில. அவற்றுள் 'குருத்தோலை ஞாயிறு' என்னும் ஓவியம் கொலோம்பு வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. யூனிசு லிப்டன் 1992-இல் வெளியிட்ட நூல் முதலிய ஆய்வுகளே அவர் வாழ்வைத் தெளிவாக்கின. ஓவியன் படைத்த பாவையை, உருக்காட்டி நின்றவரின் வாழ்வுக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆய்வுநெறி ஆகாது என்பது இதனாற் போதரும்.