கோல்ச்சிசின்

கவுட் எனும் யூரிக் அமில மூட்டுவலிக்குத் தரப்படும் தாவர மருந்து கோல்ச்சிசின். பியூரின் சிதைந்து உண்டாகும் யூரிக் அமிலம் இரத்தத்தில் அளவு மீறினால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியும். பெரும்பாலும் முதலில் மாட்டுவது கால் கட்டைவிரல். இரவோடிரவாக அது சிவந்து வீங்கும். போர்வை உரசினாலே உயிர் போகும்.

மருந்தின் ஐரோப்பிய மூலம் கோல்ச்சிகம். இலையுதிர்காலத்தில், இலையே இல்லாமல் தரையிலிருந்து ஊதாப் பூ விடும் கிழங்குச் செடி. கருங்கடலோரக் கோல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிடீஸ் இதை நஞ்சு என்றே எச்சரித்தார். ஆறாம் நூற்றாண்டு மருத்துவரான திரால்லெஸ் ஊர் அலெக்சாந்தர், ஹெர்மோடாக்டில் என்ற பெயரில் வழங்கிய கிழங்கை மூட்டுவலிக்குக் கொடுத்தார். வலி தணிந்தது, கூடவே வயிறும் பிய்த்துக்கொண்டு போனது. பின்வந்த மருத்துவர்கள் பலர் அதைத் தொடவே அஞ்சினர்.

அந்த அச்சத்தை உடைத்தது ஒரு ரகசியச் சரக்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இராணுவ அதிகாரி நிக்கோலா உசோன், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே ஒரு 'மருந்து நீர்' விற்றார். இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ்கூட அதைக் குடித்தார். உலகச் செடிகளையெல்லாம் சேகரித்த தாவரவியலாளர், பெயர் தெரியாத செடிச் சாற்றை விழுங்கியது வேடிக்கைதான். அது கோல்ச்சிகம் என்று 1814இல் ஜான் வான்ட் கண்டறிந்தார். 1820இல் பெல்லெத்தியே, காவென்த்து இருவரும் அதன் வேதிப்பொருளைப் பிரித்தனர். 1833இல் கைகர் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயரிட்டார்.

இம்மருந்து யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. செல்லுக்குள் நுண்குழாய்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதனால் படிகங்களை நோக்கிப் பாயும் வெள்ளணுக்கள் தளர, வீக்கம் வடிகிறது. அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். குணம் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு வரும்வரை மாத்திரை கொடுப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது! ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் அளவுக்குப் பலன் கிடைக்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023இல் அமெரிக்கா, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் 0.5 மில்லிகிராம் மாத்திரையை அனுமதித்தது.

இதே கோல்ச்சிசின் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்றே சொல்வார்கள். கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் இங்கே விளைவிப்பது விதைக்காகத்தான். ஆடி, ஆவணியில் கிழங்கை ஊன்றி, கொடி ஏறக் கம்பிப் பந்தல் போடுகிறார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் காலை வேளையில் வரிசை வரிசையாகப் போய், மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டுவைக்க வேண்டும். ஆட்கூலியில் பெரும்பங்கு இதற்கே போகிறது. காய்ந்த விதை மருந்து நிறுவனங்களுக்காக ஏற்றுமதியாகிறது. உள்ளூரில் வேறு பயன் இல்லாததால், கிலோவுக்கு வியாபாரிகள் சொல்வதுதான் விலை.