ஊருணி: யார் உண்ட நீர்?

ஆவுடையார்கோவில், அறந்தாங்கிப் பக்கம் பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. பேச்சில் ஊரணி என்போம். இராமநாதபுரம், சிவகங்கையிலும் இதே வழக்குதான்.

ஊர் + உண் + இ. ஊரார் உண்பது. நீரைக் குடிக்கத்தானே செய்கிறோம், ‘உண்’ எப்படி வந்தது? பழந்தமிழில் அது சோற்றுக்கு மட்டுமான வினையன்று. கலித்தொகையில் தாகத்துக்குக் கேட்கப்படுவது உண்ணுநீர். திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. கள் குடியாமை அன்று. நீரும் கள்ளும் பாலும் உண்பனவே. இன்றும் வீட்டுக்கு வந்தவரிடம் ‘காப்பி சாப்பிடுங்க’ என்கிறோமே, அந்தப் பழக்கம் அறுபடவில்லை. (ஆவுடையார்கோவில் ஆத்மநாதருக்கோ புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் படையல். சாமிக்கு ஆவியே உணவு!) குடிநீர் என்ற சொல் சித்த மருத்துவத்தில் கஷாயத்தைக் குறிக்கும், நிலவேம்புக் குடிநீரை எல்லாரும் அறிவோம். அரசுப் பலகையில் அதுவே குழாய்த் தண்ணீர்.

சொல்லின் பின்பாதி இப்படித் தெளிவாகிவிடுகிறது. நம்மை உறுத்துவது முன்பாதி. ஊர் என்றால் எது? நம் வழக்கில் ஊர் வேறு, சேரி வேறு. 215-ஆம் குறள் ஊருணியைப் பேரறிவாளன் செல்வத்துக்கு உவமை சொல்கிறது. அந்த உவமை நிற்க வேண்டுமானால் படித்துறையில் எவரும் இறங்க முடிய வேண்டும். நம் பாட்டிமார் குடத்தோடு கரையில் நின்றார்கள், யாராவது மொண்டு ஊற்றும்வரை. உரையாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் தோன்றவில்லை; அவர்கள் இறங்கி மொள்ளக் கூடியவர்கள்.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் என்றது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். சவுதார் என்ற மராத்திச் சொல்லுக்குச் சுவையானது என்று பொருள். அந்தச் சுவைக்கான உரிமையை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே பேசுகிறது. இதுவே நமக்குப் பிடித்த அகராதி.

ஊருணி போய் மேல்நிலைத் தொட்டி வந்தது. சேரிக்குத் தனித் தொட்டி வந்தால் அதற்குப் பெயர் காலனித் தொட்டி; அங்கே ‘ஊர்’ ஒட்டவில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் உண்ணும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும் அப்போதுதான் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அந்தச் சேரியைச் சேர்ந்த மூவர் மீதே குற்றம் சாட்டியது. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள்.